அம்மாப்பேட்டைத் தறிச் சத்தமும் பெங்களூரு டான்ஸ் ஃப்ளோரும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரி. 2013இல் வேலைக்காகப் பெங்களூரு போனேன். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், வெள்ளி, சனி இரவுகளில் எலக்ட்ரானிக் இசை என்று ஒன்பது வருடம் ஓடியது. முதல் மூன்று வருடம் கூட்டத்தோடு நின்று கேட்டேன். அதற்கப்புறம் நானே டிஜேவாக வாசித்தேன். 2022இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய அம்மா அப்பாவும் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

டிஜே என்றால் ரிசப்ஷனில் லைட் போட்டுக் குத்துப் பாட்டுப் போடுகிறவர்தானே அக்கா? நீங்கள் செய்தது வேறா?

அவரும் டிஜேதான். மண்டபத்தில் தாத்தாவையும் பேத்தியையும் ஒரே பாட்டுக்கு எழுந்து ஆட வைப்பது லேசான வேலை இல்லை. நான் வாசிப்பது ஹவுஸ், டெக்னோ என்று சொல்லும் வகைகள். அதில் பெரும்பாலும் பாடல் வரி இருக்காது. டிரம் மெஷின், சிந்தசைசர், கம்ப்யூட்டர் இவற்றால் செய்த ஆறேழு நிமிட டிராக்குகள். ஒன்றை நிறுத்தி இன்னொன்றைப் போட மாட்டோம். ஒன்று ஓடும்போதே அடுத்ததை அதற்குள் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரே நீளப் பாட்டு மாதிரி கொண்டுபோவோம். வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுவோம். ஹவுஸ் 120 முதல் 130 வரை, டெக்னோ 125இல் தொடங்கி 145 வரை போகும். டிரம் அண்ட் பேஸ் என்ற இன்னொரு வகை 170ஐத் தாண்டும்.

ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறதே, சலிக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் பெரியப்பாவின் தறிப்பட்டறை. நாலு விசைத்தறி. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு 120, 140 தடவை நாடாவை அடிக்கும். ராத்திரி ஷிஃப்ட்டில் சில நாள் இரண்டு தறி மட்டும் ஓடும். எந்த இரண்டு தறியும் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று 128, இன்னொன்று 127 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு ‘டக்’கும் ஒன்றாக விழும். பத்து நொடியில் ஒன்று லேசாக முந்தும். அரை நிமிடத்தில் இரண்டும் நேர் எதிராகி, வேகம் இரண்டு மடங்கு ஆன மாதிரி கேட்கும். சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி ஒன்று சேரும். பாயில் படுத்துக்கொண்டு அந்த ஒரு ‘டக்’குக்காகக் காத்திருந்துதான் நான் தூங்கிப் பழகியவள்.

பெங்களூரில் ஒரு நண்பர் பீட் மேட்சிங் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஓடுகிற டிராக்கின் அடியும் அடுத்த டிராக்கின் அடியும் ஒன்றாக விழும்படி வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அது. டிஜேக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979இல் வந்த ரெக்கார்ட் பிளேயர். அதன் ஓரத்தில் வேகத்தை 8 சதவீதம் வரை மேலும் கீழும் நகர்த்த ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையை மயிரிழை நகர்த்திவிட்டு, இரண்டு தறியும் சேருகிறதா என்று காதைக் கொடுப்பேன்.

சலிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அடி மாறாமல் இருப்பதால்தான் அதற்கு மேலே நடக்கும் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். எட்டு நிமிடமாக இல்லாத ஒரு ஹை-ஹாட், அதாவது ‘ட்ஸ்’ என்ற சின்ன ஜால்ரா மாதிரிச் சத்தம், உள்ளே வந்ததும் உடம்பே நிமிரும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? சாமி வந்து ஆடுகிறவரின் காலையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கால் சொல்கிற வேகத்தில் கை போகும். கோயில் வேறு, கிளப் வேறு, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் அடி மனுஷ உடம்பை என்ன செய்யும் என்பது நம் ஊருக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்.

இது வெள்ளைக்காரர்கள் இசைதானே?

இல்லை. டெக்னோ 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கறுப்பின இளைஞர்களிடமிருந்து வந்தது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்களை முதலில் சொல்வார்கள். ஹவுஸ் சிகாகோவில் வளர்ந்தது. அங்கே வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்ததிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள். கறுப்பினத்தவர்களும், வெளியே தங்களை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியிருந்த ஓரினச் சேர்க்கையாளர்களும் நிம்மதியாக ஆடிய இடம் அது. பெர்லின் அப்புறம்தான் வருகிறது. சுவர் விழுந்தபின் காலியாகக் கிடந்த கட்டடங்களில் அங்கே கிளப்புகள் முளைத்தன. டிரெசார் என்ற கிளப் 1991இல் ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பெட்டக அறையில் தொடங்கியது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கி, அங்கே எலக்ட்ரானிக் இசை செய்தார்கள். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர், ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷினையும் டிபி-303 பேஸ் மெஷினையும் வைத்துப் பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரெக்கார்டு போட்டார். அதே 303இன் நெளியும் சத்தத்தை வைத்துச் சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற வகை பிறந்தது 1987இல். சரண்ஜித் சிங் ரெக்கார்டு அப்போது விலைபோகவில்லை. 2010இல் மறுபடி வெளியான பிறகுதான் உலகம் கவனித்தது. அதில் யமன், பூபாளி, மால்கௌன்ஸ் எல்லாம் இருக்கின்றன. நமக்கு அவை கல்யாணி, மோகனம், இந்தோளம். அதை முதல் தடவை கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை.

கிளப்புக்கு முதல் முறை போன அனுபவம் எப்படி இருந்தது?

இந்திரா நகரில் ஒரு இடம். ஆபீஸ் தோழி கூட்டிப்போனாள். உள்ளே போனதும் பேஸ் என்ற கனத்த கீழ் ஸ்தாயிச் சத்தம் வயிற்றில் இடித்தது. பயந்துபோய்ச் சுவர் ஓரமாக நின்றுவிட்டேன். யாரோ என்னையே பார்க்கிற மாதிரி ஒரு எண்ணம். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். தெருவில் நடந்தால் எந்த வீட்டுப் பெண் என்று கேட்கிற ஊரிலிருந்து போனவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை எழுதிப் புரியவைக்க முடியவில்லை. எப்போது ஆட ஆரம்பித்தேன் என்று தெரியாது. செருப்பு வார் அறுந்தபோதுதான் கீழே பார்த்தேன்.

பெண்கள் போகலாமா? பாதுகாப்பா?

போகலாம். ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. எனக்கு இரண்டாவது வருடம் ஒன்று நடந்தது. ஒரு கிளப்பில் பின்னாலிருந்து ஒருவன் இடுப்பில் கை வைத்தான். தட்டிவிட்டேன், மறுபடி வைத்தான். வாசலில் நின்ற பவுன்சரிடம் சொன்னேன். “கூட்டம்னா அப்படித்தான் மேடம்” என்றார். திரும்பி உள்ளே போனால், முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போகும் வரை அங்கேயே ஆடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு நான் அதற்கப்புறம் போகவில்லை. அந்தப் பெண் செய்ததை நான் பல தடவை வேறு பெண்களுக்குச் செய்திருக்கிறேன்.

அதனால் நான் இடத்தை எடைபோடுவது ஸ்பீக்கரை வைத்து இல்லை. புகார் சொன்னால் உடனே அசைகிற ஆள் வாசலில் இருக்கிறாரா, பெண் பவுன்சர் இருக்கிறாரா, குடிதண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்களா, இதைத்தான் பார்ப்பேன். எங்கே இருக்கிறேன் என்று ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். என் கிளாஸை நான் கீழே வைத்ததே இல்லை. வைத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டேன். மெட்ரோ 11 மணி வாக்கில் நின்றுவிடும், பெங்களூரில் கிளப் மூடுவது இரவு 1 மணிக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். நான் 12.40க்கே கிளம்பிவிடுவேன். கடைசிப் பாட்டை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

போதைப் பொருள் இல்லாமல் இந்த இசையை ரசிக்க முடியாது என்கிறார்களே?

ஒன்பது வருடமும் தண்ணீரும் எலுமிச்சை சோடாவும் குடித்துத்தான் ஆடினேன். முடியும்.

ஆனால் அங்கே அது இல்லவே இல்லை என்று பெற்றோரிடம் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. சட்டப்படி எம்டிஎம்ஏ என்ற போதைப் பொருள் 10 கிராம் இருந்தாலே வணிக அளவு, குறைந்தது 10 வருடச் சிறை. நண்பனுக்காகப் பையில் வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அதைவிட எனக்குப் பெரிய கவலை உடம்பு. எம்டிஎம்ஏ உடம்புச் சூட்டை ஏற்றும். கூட்டத்துக்குள் காற்று இல்லாமல் ஆடும்போது அது உயிருக்கே வினையாகும். பயந்துபோய்த் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவும் ஆபத்து. யாராவது உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, மயங்கி விழுந்தால் போலீஸ் வருமே என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள், என்ன எடுத்தார்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை தெரியாத ஒரு பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன். கூட வந்த நண்பர்கள் நாலு பேரும் ஓடிப்போயிருந்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான்.

காது கெட்டுப்போகுமா?

கெடும். கவனிக்காவிட்டால் கண்டிப்பாகக் கெடும். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபெலுக்குப் பதினைந்தே நிமிடம். கிளப்பில் 100 சர்வசாதாரணம்.

பெரியப்பாவுக்கு இப்போது காது கேட்காது. முப்பது வருடத் தறி. வாயசைப்பைப் பார்த்துத்தான் பேசுவார், டிவியில் நியூஸ் ஓடினால் எழுத்தைப் படிப்பார். அதைப் பார்த்தும் நான் முதல் இரண்டு வருடம் காதில் ஒன்றும் வைக்காமல்தான் ஆடினேன். ஒரு ஞாயிறு காலை ‘கொய்ங்’ என்ற சத்தம் மதியம் வரை நிற்கவில்லை. அன்றைக்கே காதடைப்பான் வாங்கினேன். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியானதே போதும். மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இசைக்காரர்களுக்கென்று செய்த ஃபில்டர் வைத்த வகை எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும், விலை கூட. எதுவானாலும் சரி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி நில்லுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

என்ன டிரெஸ் போட வேண்டும்?

நடந்து பழகிய ஷூ. மற்றது உங்கள் இஷ்டம்.

சேலத்திலிருந்து சனிக்கிழமை பெங்களூரு போய் ஞாயிறு திரும்ப முடியுமா?

முடியும். சுமார் 200 கிலோமீட்டர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. புது பஸ் ஸ்டாண்டில் மதியம் 2 மணிக்கு ஏறினால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலையும் சேர்த்து ஏழு மணிக்குள் ஊருக்குள் இருக்கலாம். திரும்பும்போதுதான் தப்பு செய்கிறார்கள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு அப்படியே பைக்கிலோ காரிலோ கிளம்பாதீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கே கண் தவறும். தெரிந்தவர் வீட்டில் தூங்கிவிட்டு, காலை டிபன் முடித்து பஸ்ஸில் வாருங்கள்.

டிஜே வாசிக்கக் கற்க எவ்வளவு செலவாகும்?

முதலில் ஒரு பைசா வேண்டாம். மிக்ஸ் (Mixxx) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். அதில் மூன்று மாதம் பழகிப் பாருங்கள். வேகம் காட்டும் எண்ணையும், தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனையும் மறைத்துவிட்டுக் காதால் மட்டும் சேர்க்கப் பழகுங்கள். சிங்க் பாவம் என்று நான் சொல்லவில்லை, மேடையில் நானும் போடுவேன். ஆனால் காது பழகாதவருக்கு, மெஷின் தப்பு செய்யும்போது தப்பென்றே தெரியாது. ஆசை நிலைத்தால் லேப்டாப்பில் மாட்டி வாசிக்கும் சின்ன கன்ட்ரோலர் ஒன்று, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம். பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது அது.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

ரொம்பச் சிலரால். என்னால் முடியவில்லை, சம்பள வேலையை விடவே இல்லை. முதல் வாசிப்புக்கு 2,000 ரூபாயும் சாப்பாடும் கிடைத்தது. ஒரு ஏற்பாட்டாளர் மூன்று நிகழ்ச்சிக்கு 18,000 பாக்கி வைத்து, கடைசி வரை தரவில்லை. “ஃபேமிலி மாதிரிதானே” என்று சொல்லிக்கொண்டே ஏமாற்றினார். அதிலிருந்து பாதிப் பணம் முன்கூட்டி, மீதி வாசிக்கும் முன், எல்லாம் எழுத்தில் என்று வைத்துக்கொண்டேன். வா, போ என்று பேசும் நெருங்கிய நண்பர் கூப்பிட்டாலும் இதே விதிதான்.

இடங்களும் நிலைக்காது. இந்திரா நகரில் தி ஹம்மிங் ட்ரீ என்ற இசை அரங்கு 2013இல் தொடங்கி 2019இல் மூடிவிட்டது. நான் பெங்களூரு போன அதே வருடம் பிறந்த இடம். அது மூடியபோது ஒரு வீட்டையே காலி செய்த மாதிரி இருந்தது.

உங்களுக்குப் பிடித்தது எந்த நேரம்? நள்ளிரவா?

வார்ம்-அப். ஒன்பது மணிக்கு, ஆட்கள் ஒவ்வொருவராக வரும்போது வாசிப்பது. பலருக்கு அது பிடிக்காது, காலித் தரைக்கு வாசிப்பதாக நினைப்பார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. அவர் அம்மாப்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். பண்டிகைக்கு விடிகாலை குழாய் ஸ்பீக்கரில் முதலில் சாமி பாட்டு, அதுவும் சத்தம் குறைவாக. “ஊரு இப்பத்தான் எந்திரிக்குது, அடிச்சு எழுப்பக் கூடாது” என்பார். வெயில் ஏற ஏறச் சத்தமும் பாட்டும் ஏறும். முதல் மணியிலேயே எல்லா வேகத்தையும் கொட்டிவிடும் டிஜேயைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடுத்து வருகிறவருக்கு ஏற இடமே இருக்காது.

ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் ராத்திரி பார்ட்டி வைக்கலாமா அக்கா? ஸ்பீக்கர் பெட்டி கொடுப்பீர்களா?

மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். மாட்டேன்.

முதலில் சட்டம். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியில் இருக்கிறது. திருவிழா, கலை நிகழ்ச்சிக்கென்று வருடத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை மட்டும் அனுமதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. நம் பிறந்தநாள் பார்ட்டி அதில் வராது.

அடுத்தது மலை. ஏற்காட்டில் ராத்திரி தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல் காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். அப்போது சத்தம் மேலே போய்க் கரையாமல் வளைந்து கீழேயே இறங்கும். பேஸ் அலை மரத்துக்கும் அடங்காது, சுவருக்கும் அடங்காது. நீங்கள் வைத்த பெட்டி அடுத்த மேட்டில் இருக்கும் ஊர்க்காரர் வீட்டுக் கூரையில் கேட்கும். அவர் விடிந்ததும் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டியவர். காட்டெருமைகள் உலவுகிற மலை அது, மிரண்டால் ரோட்டுக்குத்தான் வரும். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. ராத்திரி இரண்டு மணிக்கு, பனியில், களைத்துப்போன இருபது வயதுப் பிள்ளைகள் இறங்குவதை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

மலையில் கேட்க ஆசை என்றால் ஹெட்போன் போட்டுக்கொண்டு பகோடா பாயின்ட்டில் அந்தி சாயும்போது உட்காருங்கள். கீழே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்போது ஒரு நீள டிராக்கைக் கேட்டுப் பாருங்கள்.

சேலத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்?

மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் மொட்டை மாடியில் தகர ஷெட்டுக்குக் கீழே, சாயங்காலம் 5.30க்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்போம். இருபது, இருபத்தைந்து பேர். மது கிடையாது. தெருமுனைக் கடையிலிருந்து தட்டுவடை செட் வரும். முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது, அப்புறம் ஆடுகிறவர் ஆடலாம். தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த மாதம் கிடையாது. போன முறை தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது நம்ம மூணாம் நம்பர் தறி மாதிரியே ஓடுதும்மா” என்றார். எனக்கு வந்த பாராட்டுகளில் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

அம்மாவிடம் நாலு வருடம் மறைத்தேன். அது நான் செய்த தப்பு. தெரிந்தபோது ஆடியதற்காக அழவில்லை, மறைத்ததற்காக அழுதார். இப்போது பாய் விரிப்பதே அவர்தான்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஞாயிறன்று அவருடைய பழைய பெட்டிகளைத்தான் இறக்கினேன். வயரை அவரே மாட்டினார். நான் வாசிக்க ஆரம்பித்ததும் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், இரண்டு டிராக் முழுக்க. அப்புறம் மாடியை ஒரு சுற்று சுற்றி வந்து, கீழே தெருவுக்கும் இறங்கிப் போய்விட்டு வந்தார். என் காதருகே குனிந்து, “பேஸை ஒரு புள்ளி குறை, எதிர்வீட்டு ஜன்னல் அதிருது” என்றார். குறைத்தேன். மறுபடி பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.